காப்பிக்கு முகவரி, சாதிக்காய்க்குப் பருவம்: 'இலையுதிர்காலப் பானம்' உருவான வரலாறு

வட அமெரிக்க நகரங்களின் சிறு காப்பிக்கடைகளில் ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ விலைப்பலகை மாற்றி எழுதப்படுகிறது. பூசணி மசாலா லாத்தே, மேப்பிள் பாகு சேர்த்த கப்புச்சினோ, இலவங்கப்பட்டை இட்ட சூடான ஆப்பிள் சாறு ஆகியன அதில் ஏறுகின்றன. சியாட்டில், போர்ட்லாண்டு முதலான நகரங்களில் பெரும் சங்கிலி நிறுவனங்களைத் தவிர்த்து, உரிமையாளரே நின்று நடத்தும் கடைகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்று அவ்வாண்டின் புதிய பானங்களைச் சுவைத்துப் பார்ப்பது பலருக்கு ஒரு பருவச் சடங்காகவே ஆகிவிட்டது. இவ்வழக்கத்தை இரண்டு சொற்கள் தாங்கி நிற்கின்றன. ஒன்று 'உள்ளூர்'; மற்றொன்று 'பருவம்'.

அக்கோப்பையில் உள்ளவற்றைப் பட்டியலிட்டுப் பார்த்தால் இவ்விரு சொற்களும் ஆட்டம் காண்கின்றன. காப்பிக்கொட்டை கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட வெப்பமண்டல மலைச்சரிவுகளில் விளைவது. சாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை, இஞ்சி ஆகிய நான்கும் இலையுதிர்காலம் என்ற ஒன்றையே அறியாத நிலங்களின் பொருள்கள். சாதிக்காய் மரம் ஆண்டு முழுதும் காய்ப்பது. இலையுதிர்காலச் சுவை எனப்படும் மேப்பிள் பாகோ குளிர்காலம் முடிந்து இளவேனில் தலைகாட்டும் வாரங்களில் மரத்தினின்று இறக்கப்படுவது. பூசணி, ஆப்பிள் ஆகிய இரண்டு மட்டுமே அந்நிலத்தில் அப்பருவத்தில் விளைபவை. அவ்வாறாயின், வெப்பமண்டலத்தின் மணங்கள் குளிர்நாட்டு இலையுதிர்காலத்தின் மணமாக மாறியது எப்போது, எவ்வாறு என்னும் வினா எழுகிறது. இவ்வினாவுக்கான விடை தென்கிழக்காசியத் தீவுகளில் தொடங்குகிறது. அதன் ஓர் இழை சோழமண்டலக் கரையையும் தொட்டுச் செல்கிறது.

1. பண்டாத் தீவுகள், 1621

சாதிக்காயின் தாயகம் இன்றைய இந்தோனேசியாவின் மாலுக்குப் பகுதியைச் சேர்ந்த பண்டாத் தீவுகள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை உலகச் சந்தையை அடைந்த சாதிக்காயும் சாதிபத்திரியும் ஏறத்தாழ முழுமையாக இச்சிறு தீவுக் கூட்டத்தினின்றே வந்தன. ஐரோப்பியர் வருகைக்கு நெடுங்காலம் முன்பே ஆசிய வணிகர்கள் அவற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இந்தியத் துறைகளுக்குக் கொண்டுவந்தனர். தமிழ் உரைமரபு எண்ணும் ஐவகை முகவாசப் பொருள்களுள் சாதிக்காயும் இலவங்கமும் இடம்பெறுவது அத்தொன்மையான வணிகத்தின் தடமே ஆகும்.

பண்டா மக்கள் தம் சாதிக்காய்க்கு ஈடாக அரிசியையும் இந்தியத் துணியையும் நாடினர். 1602 இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இதனை விரைவிலேயே உணர்ந்துகொண்டது. நறுமணப் பொருள் வேண்டுமாயின் துணி வேண்டும். துணி வேண்டுமாயின் சோழமண்டலக் கரை வேண்டும். பழவேற்காட்டில் 1610 இல் டச்சுக்காரர் வணிக உரிமை பெற்றதும், 1613 இல் அங்கே கெல்டிரியாக் கோட்டை எழுந்ததும் இப்பின்னணியில் வைத்தே காணத்தக்கவை. தமிழகக் கரையின் தறிகளும் மாலுக்குத் தீவுகளின் மரங்களும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்களாயின.

1621 இல் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் பெரும் படையுடன் பண்டாவின் முதன்மைத் தீவான லொந்தோர் மீது பாய்ந்தார். சாதிக்காயைத் தமக்கே விற்கவேண்டும் என்ற ஒப்பந்தத்தைத் தீவினர் மீறினர் என்பது குற்றச்சாட்டு. ஓராங்காயா எனப்பட்ட ஊர்த்தலைவர்கள் 44 பேர், கூலிப்படையாக அழைத்துவரப்பட்டிருந்த ஜப்பானிய வீரர்களின் வாளுக்கு இரையாயினர். படையெடுப்புக்கு முன் ஏறத்தாழ 15,000 ஆக இருந்த மக்கள்தொகை, அதன்பின் தீவுகளில் ஓராயிரம் அளவுக்குச் சுருங்கியது என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுவான மதிப்பீடு. எஞ்சியோர் போரில் மட்டும் மாளவில்லை. பட்டினியாலும் நோயாலும் இறந்தோர், பத்தாவியாவுக்கு நாடு கடத்தப்பட்டோர், படகேறித் தப்பியோர் என்று சிதறினர்.

வெறுமையாக்கப்பட்ட நிலம் 'பெர்க்கன்' எனப்பட்ட தோட்டங்களாகப் பிரிக்கப்பட்டு ஐரோப்பியரிடம் ஒப்படைக்கப்பட்டது. உழைப்பதற்கு ஆசியாவின் பல கரைகளிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டனர். பழவேற்காட்டிலும் பிற சோழமண்டலத் துறைகளிலும் இதே கம்பெனி மனிதரை விலைக்கு வாங்கிப் பத்தாவியா நோக்கிக் கப்பலேற்றியது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். துணி சென்ற அதே கடல்வழியில் மனிதரும் சென்றனர்.

பண்டாக் கூட்டத்தில் ரன் என்னும் மிகச்சிறிய தீவு ஒன்றுக்கு ஆங்கிலேயர் உரிமை கோரிவந்தனர். 1667 ஆம் ஆண்டு பிரேடா உடன்படிக்கையின்படி அத்தீவு டச்சுக்காரரிடமே நின்றது; 1664 இல் ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த நியூ ஆம்ஸ்டர்டாம் ஆங்கிலேயரிடம் நின்றது. அதுவே இன்றைய நியூயார்க்கு. மன்ஹாட்டனின் காப்பிக்கடையொன்றில் சாதிக்காய்ப்பொடி தூவிய பானத்தை அருந்துபவர் அந்த உடன்படிக்கையின் இரு தரப்பையும் ஒருசேரக் கையில் ஏந்துகிறார் என்பது மிகையன்று.

2. பட்டையும் கிராம்பும்

இலவங்கப்பட்டையின் கதை இலங்கையை மையமாகக் கொண்டது. 1658 இல் யாழ்ப்பாணம் வீழ்ந்ததோடு இலங்கைக் கரையோரம் போர்த்துக்கேயரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு முற்றாக மாறியது. கறுவாப்பட்டை உரிக்கும் கட்டாயக் கடமை சலாகம சாதியினர் மீது சுமத்தப்பட்டிருந்தது. அதனை டச்சு ஆட்சி மேலும் இறுக்கியது. கறுவா மரத்துக்குச் சேதம் விளைவிப்பதும் பட்டையைக் களவாக விற்பதும் மரண தண்டனைக்குரிய குற்றங்களாயின. காட்டில் தானே வளர்ந்த மரங்களையே நம்பியிருந்த நிலை மாறிக் கொழும்பின் மருதானையில் 1769 ஐ ஒட்டிக் கறுவாத் தோட்டம் தொடங்கப்பட்டது. இன்று அமெரிக்கக் கடைகளில் 'சின்னமன்' என விற்கப்படுவதில் பெரும்பகுதி இலங்கைக் கறுவா அன்று. இந்தோனேசியா, வியட்நாம் நாடுகளின் காசியா என்னும் தடித்த பட்டையாகும். பெயர் ஒன்றாக நிற்க, மரமும் நிலமும் மாறிவிட்டன.

கிராம்பை டச்சுக்காரர் அம்போன் தீவிலும் அதனைச் சூழ்ந்த தீவுகளிலும் மட்டும் நிறுத்திவைத்துப் பிற தீவுகளில் மரங்களை வெட்டி வீழ்த்தினர். 1770 இல் பிரெஞ்சு அதிகாரி பியர் புவாவரின் முயற்சியால் கிராம்புக் கன்றுகளும் சாதிக்காய்க் கன்றுகளும் மொரிசியசுக்குக் கடத்தப்பட்டபோதுதான் இத்தனியுரிமை உடைபட்டது. ஆங்கிலேயரும் பண்டாவைக் கைப்பற்றியிருந்த காலங்களில் கன்றுகளைப் பினாங்கு முதலிய இடங்களுக்குப் பெயர்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓமான் சுல்தான்களின் ஆட்சியில் சான்சிபார் உலகின் கிராம்புக் களஞ்சியமானது. அங்கும் தோட்டங்களில் உழைத்தோர் ஆப்பிரிக்கப் பெருநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளே.

இக்கிராம்பு இந்திய அரசியலிலும் ஒரு சிறு அத்தியாயத்தை எழுதியது. 1937 இல் சான்சிபார் அரசு கிராம்புக் கொள்முதலை ஒரே அமைப்பின் கையில் குவிக்கும் ஆணையைப் பிறப்பித்தபோது அங்கிருந்த இந்திய வணிகர்கள் நிலைகுலைந்தனர். இந்திய தேசிய காங்கிரசு சான்சிபார்க் கிராம்பைப் புறக்கணிக்குமாறு நாட்டு மக்களை வேண்டியது. கிராம்பைப் பெருமளவில் வாங்கிய நாடுகளுள் இந்தியா முன்னணியில் இருந்தமையால் அப்புறக்கணிப்பு உறைத்தது. 1938 இல் உடன்பாடு ஏற்பட்டது. அடுக்களையின் கிராம்பு எங்கிருந்து வருகிறது என்பதை இந்திய நுகர்வோர் ஒரு காலத்தில் அறிந்திருந்தனர். அறிந்தமையால் அதனை மறுக்கவும் முடிந்தது. பொருளின் பிறப்பிடம் தெரிந்திருத்தல் வெறும் தகவலன்று, ஓர் அரசியல் ஆற்றல் என்பதற்கு இந்நிகழ்வு நல்ல சான்று.

3. பூசணி எவ்வாறு இலையுதிர்காலம் ஆயிற்று

பூசணி அமெரிக்கக் கண்டங்களின் தொல்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டுவந்த காய். தமிழில் இதன் மஞ்சள்நிற வகைக்குப் பரங்கிக்காய் என்று பெயர். பரங்கியர் வழியே வந்த காய் என்பதே அப்பெயருக்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். அவ்வகையில் வந்த வழியைத் தன் பெயரிலேயே சுமக்கும் சொல் இது. ஆங்கிலச் சொல்லான 'பம்ப்கின்' அத்தகைய குறிப்பு எதனையும் தருவதில்லை.

1796 இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் அமெலியா சிம்மன்ஸ் எழுதிய 'அமெரிக்கன் குக்கரி' வெளிவந்தது. அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவில் அச்சான முதல் சமையல் நூல் என்று அது கருதப்படுகிறது. அதில் பூசணிப் பண்டத்துக்கு இரு செய்முறைகள் உள்ளன. ஒன்றில் சாதிபத்திரி, சாதிக்காய், இஞ்சி. மற்றொன்றில் கரீபியத் தீவுகளின் ஆல்ஸ்பைஸ், இஞ்சி. இன்றைய பூசணி மசாலாவின் கரு இதில் தெளிவாகக் காணக்கிடக்கிறது. அதே கனெக்டிகட் 'சாதிக்காய் மாநிலம்' என்ற பட்டப்பெயரால் அழைக்கப்படுவதும் நோக்கத்தக்கது. மரத்தில் கடைந்த போலிச் சாதிக்காயை அங்குள்ள தலைச்சுமை வணிகர்கள் விற்றார்கள் என்னும் பழங்கதையை ஒட்டி எழுந்த பெயர் அது. போலி செய்யும் அளவுக்குச் சாதிக்காய் விலையுயர்ந்ததாகவும், ஏமாறும் அளவுக்கு அது எங்கும் வேண்டப்பட்டதாகவும் இருந்தது என்பதை அக்கதை உணர்த்துகிறது.

நியூ இங்கிலாந்துப் பகுதியின் வீட்டுப் பண்டமாக இருந்த பூசணி அடை நாட்டின் பண்டமானதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் எழுத்து ஒரு காரணம். நியூ ஹாம்ப்சயரைச் சேர்ந்த சாரா ஜோசபா ஹேல் 1827 இல் வெளியிட்ட 'நார்த்வுட்' நாவலில் நன்றியறிதல் நாள் விருந்தை விரிவாகத் தீட்டினார்; அவ்விருந்தில் பூசணி அடைக்குச் சிறப்பிடம் தந்தார். பின்னர்ப் பெண்கள் இதழொன்றின் ஆசிரியராக இருந்து அந்நாளை நாடு தழுவிய விழாவாக்க ஆண்டுக்கணக்கில் வாதாடினார். உள்நாட்டுப் போரின் நடுவே 1863 இல் ஆபிரகாம் லிங்கன் அதற்கான அறிவிப்பை வெளியிட்டார். நவம்பரின் ஒரு நாள் வகுக்கப்பட்டதோடு அந்நாளின் மணமும் வகுக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டு இம்மணத்தை டப்பாவில் அடைத்தது. 1929 இல் லிப்பி நிறுவனம் பூசணிக்கூழ் வணிகத்தை வாங்கியது. 1934 இல் பால்டிமோரின் மெக்கார்மிக் நிறுவனம் பட்டை, இஞ்சி, சாதிக்காய் முதலியவற்றைக் கலந்து 'பூசணி அடை மசாலா' என ஒரே சிமிழில் விற்கத் தொடங்கியது. இது சிறு நிகழ்வு போலத் தோன்றினும் வரலாற்று நோக்கில் முக்கியமானது. தனித்தனிப் பெயரும் தனித்தனி நிலமும் கொண்டிருந்த பொருள்கள் அச்சிமிழுக்குள் தம் பெயரை இழந்தன. சாதிக்காய் என்றால் பண்டா நினைவுக்கு வர வாய்ப்புண்டு. பூசணி அடை மசாலா என்றால் பாட்டி வீடும் விருந்து மேசையுமே நினைவுக்கு வரும்.

4. கடைகள்: சிறியதும் பெரியதும்

சுவையூட்டிய லாத்தே பெருநிறுவனத்தின் கண்டுபிடிப்பு அன்று. 1925 இல் சான்பிரான்சிஸ்கோவில் இத்தாலியக் குடியேறிகளான ஒரு தம்பதியர் தொடங்கிய டொரானி என்னும் பாகு நிறுவனம், 1982 இல் அந்நகரின் கஃபே திரியெஸ்தேயில் தன் பாகு முதன்முதலில் லாத்தேயில் கலக்கப்பட்டதாகத் தன் வரலாற்றில் கூறிக்கொள்கிறது. கஃபே திரியெஸ்தே 1956 முதல் இயங்கிவரும் ஒரு குடும்பக் கடை. பூசணி மசாலா மணமூட்டிய காப்பியையும் 1990களிலேயே சிறு வறுவல் நிலையங்கள் விற்றுவந்தன.

பெருநிறுவனம் செய்தது நாட்காட்டியை உருவாக்கியதே. 2003 இல் ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தின் சியாட்டில் ஆய்வகத்தில் பீட்டர் டியூக்ஸ் தலைமையிலான குழு இப்பானத்தை உருவாக்கியது. இலையுதிர்கால மனநிலையை வரவழைப்பதற்காக இளவேனிற் காலத்தில் ஆய்வகம் இலையுதிர்கால அலங்காரம் பூண்டது என்றும், பூசணி அடையின் மீது எஸ்பிரசோவை ஊற்றிச் சுவைத்துச் சுவைத்துப் பதம் கண்டனர் என்றும் அந்நிறுவனமே சொல்கிறது. அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் வான்கூவரிலும் வாஷிங்டன் டி.சி.யிலுமாக நூறு கடைகளில் அது சோதிக்கப்பட்டது. மறு ஆண்டு பரவலாக்கப்பட்டது. 2015 வரை அதில் பூசணியே இல்லை. மசாலா மட்டுமே இருந்தது. 2024 இல் அது விற்பனைக்கு வந்த நாள் ஆகஸ்டு 22. வானியல் கணக்கின்படி இலையுதிர்காலம் தொடங்குவதற்கு அப்போது ஒரு மாதம் எஞ்சியிருந்தது.

உள்ளூர்ச் சிறு கடைகள் இதற்கு இருவகையில் எதிர்வினை ஆற்றின. ஏறத்தாழ இதே காலத்தில் 'மூன்றாம் அலை' என்ற பெயரில் எழுந்த காப்பி இயக்கத்தின் கறார்ப் பிரிவினர் பாகையே விலக்கினர். காப்பியின் இயல்பான சுவையே போதும் என்றனர். ஏனையோர் புட்டியிற் கிடைக்கும் பாகை விடுத்து, பூசணியை வேகவைத்து, பட்டையையும் கிராம்பையும் இடித்துக் கடையிலேயே பாகு காய்ச்சினர். ஏலமும் மிளகும் சேர்த்துப் புதுச்சுவை தேடினர். பெருநிறுவனம் வகுத்த நாட்காட்டியை ஏற்றுக்கொண்டு, அதன் உள்ளடக்கத்தைத் தம் கைத்திறனால் மாற்றினர் என இதனைச் சுருக்கலாம். நுகர்வோர் கடை கடையாகச் சென்று ஒப்பிட்டுச் சுவைப்பதற்கு இக்கைத்திறன் வேறுபாடே காரணம், அது மதிக்கத்தக்கதும்கூட.

ஆயினும் மூன்றாம் அலை தன் பெருமையாகக் கருதும் ஒன்று இங்கே வினாவுக்கு உள்ளாகிறது. இத்தகைய கடையின் காப்பிப் பொட்டலத்தில் நாடு, மாவட்டம், தோட்டத்தின் பெயர், கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர், கொட்டையைப் பதப்படுத்திய முறை ஆகிய அனைத்தும் அச்சாகியிருக்கும். விளைவித்தவரின் பெயர்கூடச் சிலவற்றில் இருக்கும். அதே காப்பியில் கலக்கும் சாதிக்காய்க்கு இவற்றுள் ஒன்றுமில்லை. அதற்கு வழங்கப்படும் ஒரே அடையாளம் 'இலையுதிர்காலம்'. காப்பிக்கு முகவரி கிடைத்தது. சாதிக்காய்க்குப் பருவம் மட்டுமே கிடைத்தது. இடத்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் காலத்தின் பெயர் அமர்ந்துவிட்டது. 1934 இன் சிமிழ் தொடங்கிவைத்த மறதி, கையால் பாகு காய்ச்சும் கடையிலும் தொடர்கிறது.

5. இந்திய நகரங்களில்

டெல்லி, மும்பை, பெங்களூரு நகரங்களின் சிறு காப்பிக்கடைகள் சிலவற்றிலும் இன்று அக்டோபரில் பூசணி மசாலா லாத்தே கிடைக்கிறது. சுக்கும் பட்டையும் கிராம்பும் தேநீரிலும் கசாயத்திலும் அன்றாடம் புழங்கும் நாட்டுக்கு அவை ஒரு குளிர்நாட்டுப் பருவத்தின் பெயரைச் சூடிக்கொண்டு திரும்பி வந்துள்ளன. டெல்லியின் வேம்பும் அரசும் பெரும்பாலும் இலையுதிர்ப்பது அக்டோபரில் அன்று. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான இளவேனிலில்தான். தமிழ் மரபின் அறுபொழுதில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலம். அது மழையும் வாடையும் உடையது. 'இலையுதிர்காலம்' என்ற சொல்லே இவ்விடங்களின் அக்டோபருக்குப் பொருந்தாத இரவற் சொல்.

இந்தியாவில் உண்மையான இலையுதிர்காலம் இல்லாமலில்லை. காஷ்மீரில் அதற்கு 'ஹருத்' என்று பெயர். சினார் மரங்கள் சிவக்கும் அவ்வாரங்களில்தான் பாம்போர் வயல்களில் குங்குமப்பூ பறிக்கப்படுகிறது. அக்டோபர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் வரை சில வாரங்களே நீளும் அறுவடை அது. அக்குங்குமப்பூவைப் பச்சைத் தேயிலையோடும் பட்டை, ஏலத்தோடும் கொதிக்கவைத்துப் பாதாம் தூவிப் பருகும் காவா ஆண்டு முழுதும் அருந்தப்படுவது. எனினும் அதன் தலைமைப் பொருள் இலையுதிர்காலத்தில் அதே பள்ளத்தாக்கில் விளைந்தது. உள்ளூர், பருவம் என்னும் இரு சொற்களும் அங்கே விளம்பரமாக அன்றி விளைச்சலாகப் பொருள்படுகின்றன. காவாவைப் பருவப் பானம் என்று எவரும் விற்பதில்லை என்பதும் கருதத்தக்கது.

இதனால் பூசணி மசாலா லாத்தே பொய்யான பானம் என்றோ, அதனை விரும்பி அருந்துவோர் குற்றமிழைப்போர் என்றோ முடிவுகட்டுவது வரலாற்று நோக்காகாது. எல்லா மரபும் ஏதோ ஒரு காலத்தில் எவராலோ உருவாக்கப்பட்டதே. ஒரு மணம் ஒரு சமூகத்துக்கு வீட்டின் நினைவாக மாறுவதும் இயல்பே. அந்த நினைவு எதன்மீது எழுப்பப்பட்டது என்பதை மறைக்கும் ஏற்பாடே ஆராய்ச்சிக்குரியது. அந்த ஏற்பாட்டை மாற்றும் வாய்ப்பு பெருநிறுவனத்தைவிடச் சிறு கடைக்கே கூடுதலாக உண்டு. ஆயிரக்கணக்கான கிளைகளுக்கு ஒரே பாகை அனுப்பும் நிறுவனம் தன் சாதிக்காயின் ஊரைச் சொல்வது கடினம். ஒரு கடைக்கு ஒரு சாடி பாகு காய்ச்சுபவர் தாம் வாங்கிய சாதிக்காய் கேரளத்தினுடையதா, கிரெனடாவினுடையதா, பண்டாவினுடையதா என்பதைக் கேட்டறிந்து, சிக்கமகளூர்க் காப்பித் தோட்டத்தின் பெயருக்குக் கீழே இன்னொரு வரியாக எழுதிவிட முடியும். இந்தியக் கடைகளுக்கு இது இன்னும் எளிது. சாதிக்காயும் இஞ்சியும் பரங்கிக்காயும் அண்டை மாவட்டங்களிலேயே விளைகின்றன.

ஆய்வு மாணவர்களுக்கும் இங்கு ஒரு பணி இருக்கிறது. காப்பிக்கடைகளின் விலைப்பலகைகள் ஆண்டுதோறும் அழித்து எழுதப்படுபவை; எவரும் அவற்றைச் சேமிப்பதில்லை. எந்தப் பொருளுக்கு ஊர்ப்பெயர் தரப்படுகிறது, எந்தப் பொருளுக்குப் பருவப்பெயர் மட்டும் தரப்படுகிறது என்பதை ஒரு நகரத்தின் பலகைகளைக் கொண்டு சில ஆண்டுகள் தொடர்ந்து குறித்துவந்தாலே உணவு வரலாற்றுக்கு அரிய ஆவணமொன்று உருவாகும்.

1621 இல் படகேறித் தப்பிய பண்டா மக்களின் வழிவந்தோர் இன்றும் கெய் பெசார் தீவில் பண்டா எலி, பண்டா எலாத் என்னும் இரு ஊர்களில் வாழ்கின்றனர். பண்டாத் தீவுகளில் வழக்கொழிந்துபோன பண்டா மொழி அவ்வூர்களில்தான் இன்னும் பேசப்படுகிறது. தாம் இழந்த தீவின் பெயரை அவர்கள் நானூறு ஆண்டுகளாகத் தம் ஊர்ப்பெயரில் காத்துவருகின்றனர். அத்தீவின் காயைப் பயன்படுத்துவோர் அப்பெயரை ஒரு பலகையில் எழுதுவது பெரிய கோரிக்கை அன்று.